ஒரு வருஷம்தானே தாயி... இரு!

கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஏதோ ஒரு கிராமம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த ராத்திரி. பக்கத்து வீட்டு அண்ணன் செல்போன்ல மார்க் பார்த்தாச்சு. அம்மா அழுது, சிரிச்சு, தெருவுக்கே சீனி கொடுத்தாச்சு. பொண்ணு கையில ஒரு பேப்பர்ல எழுதின மார்க்கை நாலு தடவை கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டு இருக்கா. சாப்பிட்டு முடிச்சுட்டு கயித்துக் கட்டில்ல உட்கார்ந்த அய்யா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மெதுவா ஆரம்பிக்கிறார்.

"அண்ணன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அவன் முடிச்சிரட்டும். நீ ஒரு வருஷம்தானே தாயி... இரு."

அந்த அண்ணன் யாருன்னு நினைக்கிறீங்க? நீங்கதான்! (அக்காவாகவும் இருக்கலாம். ஆனா பெரும்பாலும் அண்ணன்தான்.)

"ப்ளஸ் டூவுக்கு அப்புறம் என்ன?"ன்னு மே மாசம் ஆனா எல்லாப் பத்திரிகையும் பக்கம் பக்கமா எழுதும். காலேஜா, வேலையா, ஒரு வருஷம் நின்னு யோசிக்கிறதான்னு அலசும். அதெல்லாம் ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு. இது காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் புரட்டிட்டு இருக்கிற உங்களுக்கு. ஏன்னா கரிசல் காட்டு வீடுகள்ல தங்கச்சியோ தம்பியோ அடுத்து என்ன ஆகணும்கிற முடிவு, உங்க ஃபீஸ் ரசீதோட பின்பக்கத்துலதான் எழுதப்படுது.

புரட்டாசியில விதை... ஆனியில ஃபீஸ்!

மேல்நாட்டுல 'கேப் இயர்'னு ஸ்டைலா பேரு வச்சிருக்காங்க. நம்ம பக்கம் அதுக்குப் பேரே கிடையாது. "வீட்டுல சும்மா இருக்கா." அவ்வளவுதான். சும்மா இருக்காளாங்கிறதை அப்புறம் பார்ப்போம். முதல்ல இந்த ஒரு வருஷம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பெத்தவங்களுக்குப் படிப்போட அருமை தெரியலைன்னு பேசுறது சுலபம். விஷயம் அது இல்லை. பாதிக்கு மேல மழை விஷயம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம்னு இந்த வட்டாரம் முழுக்க மானாவாரிதான் பிரதானம். வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லின்னு விதைப்பாங்க. உளுந்தும் பாசியும் மார்கழி, தையில வீடு வந்து சேரும். பருத்தியும் வத்தலும் மாசி, பங்குனின்னு இழுக்கும். வந்த காசு உரக்கடை பாக்கி, நகைக்கடன், கோயில் கொடை, சொந்தக்காரங்க வீட்டு மொய்னு வந்த வேகத்துலயே போயிடும். வைகாசி, ஆனி வந்தா சட்டைப்பையைத் தட்டினா தூசிதான் விழும். அந்த நேரம் பார்த்துத்தான் காலேஜ் வாசல்ல "ஃபீஸ் கட்டக் கடைசி நாள்"னு போர்டு தொங்கும். ஆவணி பிறந்தா டிராக்டர் வாடகைக்கும் விதைக்கும் வேற காசு புரட்டணும்.

ரிசல்ட் மே மாசம், அட்மிஷன் ஜூன், ஜூலையில, வெள்ளாமைக் காசு ஜனவரி, பிப்ரவரியில. இந்த ரெண்டு காலண்டரும் ஒரு நாளும் நேருக்கு நேர் பார்த்துக்கிட்டதே இல்லை. மாசம் பிறந்தா சம்பளம் வாங்குற வீட்டுக்காரங்களுக்கு இதைச் சொன்னா புரியாது. "முன்னாடியே சேர்த்து வைக்க வேண்டியதுதானே?"ம்பாங்க. எந்த வருஷம் மழை கைவிடும்னு தெரியாத ஊர்ல எதைச் சேர்த்து, எங்க வைக்கிறது?

இன்னொரு பக்கம் பாருங்க. காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டு, கட்-ஆஃப் பார்த்து, கலந்தாய்வுக்குக் காத்திருக்கணும். தீப்பெட்டி ஆபீஸுக்கு நாளைக்கே போகலாம். மழைக்காலத்துல மந்தமா இருக்கிற தீப்பெட்டி வேலை வெயில் காலத்துல வேகம் பிடிக்கும். ரிசல்ட் வர்றதும் அதே வெயில்லதான். வேன் தெருமுனைக்கே வரும். வாரம் முடிஞ்சா சம்பளம் கையில.

('தீப்பெட்டி ஆபீஸ்'! நம்ம ஊர்ல யாரும் ஃபேக்டரின்னு சொல்றதில்லை. "எங்க அக்கா ஆபீஸ் போறா"ன்னு ஹாஸ்டல்ல சொல்லிப் பாருங்க. வெளியூர்ப் பையன் ஏ.சி. ரூமைக் கற்பனை பண்ணிக்குவான்.)

பெட்டி அடைக்கிற கை

என் கதையையும் சொல்லிடறேன். இல்லேன்னா உங்களுக்கு உபதேசம் பண்ற தகுதி எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க.

2002-ல மழை பொய்ச்சது. விதைச்ச உளுந்து காட்டுலயே காய்ஞ்சுது. 2003 மே மாசம் என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சா. நான் அப்போ பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம் முடிச்சு லீவுக்கு வந்திருந்தேன். அவ மார்க் என் மார்க்கை விட அதிகம். அதைப் பத்தி வீட்டுல யாரும் பெருசா பேசலை. நானும் பேசலை. "ஒரு வருஷம்"னு முடிவாச்சு. ஜூன் மாசம் நான் கடைசி வருஷ ஃபீஸ் கட்டினேன். அவ பெட்டி அடைக்கப் போனா.

ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? நான் டிகிரி முடிச்சேன். வேலை உடனே கிடைக்கலை. "பி.எட். படிச்சா வாத்தியார் வேலை நிச்சயம்"னாங்க, சேர்ந்தேன். அதுக்குள்ள வீட்டுல அவ சம்பளத்தை நம்பி ஒரு சீட்டு போட்டிருந்தாங்க. ஒரு பால்மாடு லோன்ல வந்திருந்துச்சு. அவளை நிறுத்தினா சீட்டும் நிக்கும், மாடும் போகும். அடுத்த வருஷம் "வயசுப் பொண்ணு, நகை சேர்க்க வேண்டாமா?"ன்னு அத்தை ஆரம்பிச்சாங்க. 2007-ல கல்யாணம். ஒரு வருஷம் நாலு வருஷமான கதை இதுதான். வில்லன்னு இதுல யாரும் கிடையாது.

ரொம்ப வருஷம் கழிச்சு, அவ மகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போன அன்னிக்குப் பேச்சுவாக்குல கேட்டேன்: "ஏத்தா, உனக்கு அப்போ படிக்கணும்னு ஆசை இருந்துச்சா?"

அவ சிரிச்சா. "அன்னிக்குக் கேட்டிருக்கலாம்ல, அண்ணே?"

அதுதான் விஷயம். ஒரு வருஷ இடைவெளி தப்பில்லை. அதோட மறுமுனையை யாரும் கட்டி வைக்காததுதான் தப்பு. சம்பளம் ஒரு தடவை வீட்டுக் கணக்குக்குள்ள வந்துட்டா, அதை வெளியே எடுக்கிறது ஃபீஸ் கட்டுறதை விடக் கஷ்டம். கரிசல் நிலத்துக்காரங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம். சித்திரையில கோடை உழவு போட்டு விட்ட நிலமும் சும்மாதான் கிடக்கும், தரிசாப் போட்ட நிலமும் சும்மாதான் கிடக்கும். தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். முதல் மழைக்கு உழுத நிலம் தண்ணியைக் குடிக்கும். தரிசுல சீமைக்கருவேலம் எழும்பியிருக்கும். அதை வெட்ட அப்புறம் ஜே.சி.பி.தான் கூப்பிடணும்.

கல்கத்தா போன ரெண்டு பேர்

நம்ம பக்கத்துல உருப்படியா ஒரு 'கேப்' எடுத்தவங்களே இல்லையான்னா, இருக்காங்க! 1922-ல சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. தீப்பெட்டி செய்யக் கத்துக்கத்தான். மாசக்கணக்குல அங்கேயே தங்கி, தொழிலைக் கத்துக்கிட்டு, திரும்பி வந்து சிவகாசியில ஆரம்பிச்சாங்க. வானம் பார்த்த பூமி, காய்ஞ்ச காத்து, விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத ஜனங்கன்னு, ஊரோட சாபமா இருந்ததே தொழிலுக்கு வசதியாப் போச்சு. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலைன்னு பரவினது அப்படித்தான். எதுக்குப் போறோம், எதைக் கையில எடுத்துக்கிட்டு எப்போ திரும்புறோம்னு தெரிஞ்சு போன பயணம் அது.

அதே தொழில் பின்னாடி குழந்தைகளோட பள்ளிக்கூடத்தைப் பிடுங்கிக்கிட்டதும் நம்ம ஊர்ல நடந்ததுதான். விடியறதுக்கு முன்னாடி கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கிட்டுப் போன வண்டிகளைப் பத்தி வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கரிசல் எழுத்தாளர் பூமணி இதை வச்சுத்தான் 'கருவேலம் பூக்கள்' படத்தை எடுத்தார். 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அபாயகரமான தொழில்ல வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு உத்தரவு.

அது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம், ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு என்னன்னு நினைச்சா, இங்க நிறையப் பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. 2016-ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. 14 வயசுல இருந்து 18 முடியுற வரைக்கும் உள்ளவங்களை வளரிளம் பருவத்தினர்னு தனியாப் பிரிச்சு, வெடிபொருள், தீப்பற்றும் பொருள் மாதிரி அபாயகரமான வேலைகள்ல வைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தீப்பெட்டியும் பட்டாசும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ப்ளஸ் டூ முடிக்கிறப்போ உங்க தங்கச்சிக்கு எத்தனை வயசு? பெரும்பாலும் 17. அப்போ அந்த வேன்ல அவ ஏறுறதே சட்டப்படி தப்பு!

தொழிலே முந்தி மாதிரி இல்லைங்கிறதும் உண்மை. கையால செய்ற வேலையை மிஷின் எடுத்துக்கிட்டே வருது. 14 வருஷமா ஒரு ரூபாய்க்கே வித்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. சீன லைட்டர் வந்து பாதி அடுப்பைப் பிடிச்சுக்கிச்சு. 20 ரூபாய்க்குக் குறைஞ்ச லைட்டர் இறக்குமதியை 2023 ஜூன்ல தடை பண்ண வேண்டிய நிலைமை. இப்படித் தேய்ஞ்சுட்டு வர்ற வேலைக்கு ஒரு பொண்ணு தன்னோட பதினெட்டாம் வயசைக் கொடுக்கலாமாங்கிறது யோசிக்க வேண்டிய கேள்வி.

வெளிநாட்டுல மட்டும் எப்படி?

இங்கிலாந்துல 'கேப் இயர்' ரொம்ப சகஜம். இளவரசர் வில்லியம் 2000-ல பள்ளி முடிச்சுட்டு ஒரு வருஷம் சிலி நாடு வரைக்கும் போய்ட்டு வந்துதான் யூனிவர்சிட்டி சேர்ந்தார். ஒபாமாவோட பெரிய பொண்ணு மாலியா 2016-ல பள்ளி முடிச்சு, ஹார்வர்டுக்கு 2017-லதான் போனாங்க. அரண்மனைப் பிள்ளைகளை விடுங்க. சிங்கப்பூர்ல நம்ம தமிழ்ப் பசங்களைப் பாருங்க. குடிமகனா இருக்கிற ஒவ்வொரு பையனும் பதினெட்டு வயசுவாக்குல ரெண்டு வருஷம் ராணுவத்துலயோ போலீஸ்லயோ தேசிய சேவை செஞ்சே ஆகணும். ஆனா யாரும் "போச்சே, படிப்பு போச்சே"ன்னு அழறதில்லை. ஏன்? யூனிவர்சிட்டி சீட்டை முன்கூட்டியே வாங்கி வச்சுட்டுப் போக முடியும். திரும்பி வர்றப்போ நாற்காலி அவனுக்காகக் காலியா இருக்கும்.

அங்க முதல்ல சீட்டு, அப்புறம் இடைவெளி. இங்க நமக்கு வெறும் இடைவெளி மட்டும்தான். கலந்தாய்வுல கிடைச்ச இடத்துல சேரலைன்னா அது அடுத்தவங்களுக்குப் போயிடும். அடுத்த வருஷம் மறுபடி முதல்ல இருந்து வரிசையில நிக்கணும். நிக்கலாம், தடை இல்லை. முந்தைய வருஷங்கள்ல ப்ளஸ் டூ முடிச்சவங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனா அந்த வரிசையைத் தேடிப் போகச் சொல்ல வீட்டுல ஒரு ஆள் வேணும்.

"கி.ரா. படிச்சாரா?"

இந்தப் பேச்சு வந்தா நம்ம ஊர்ல ஒருத்தர் கண்டிப்பா இதைக் கேப்பார். நியாயமான கேள்விதான். நாலாட்டின்புதூர் தாண்டி இருக்கிற இடைசெவல்ல, 1923 செப்டம்பர்ல, ஒரு வார இடைவெளியில ரெண்டு பிள்ளைங்க பிறந்தாங்க. ஒருத்தர் கி.ராஜநாராயணன், இன்னொருத்தர் கு.அழகிரிசாமி. உயிர் நண்பர்கள். அழகிரிசாமி பள்ளி இறுதி வகுப்பு முடிச்சு, பத்திரப் பதிவு ஆபீஸ்ல வேலையும் பார்த்து, அப்புறம் அந்தச் சம்பளத்தை உதறிட்டு எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போனார். கி.ரா. நோயாலயும் மத்ததாலயும் ஹைஸ்கூலையே முடிக்கலை. ஊர்லயே சம்சாரியா இருந்தார். முதல் கதை அச்சுல வந்தப்போ 1958, அவருக்கு வயசு முப்பத்தஞ்சு. கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். காலேஜ் வாசலை மிதிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியரா கூப்பிட்டு உட்கார வச்சது. ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி விருது. அழகிரிசாமிக்கு 1970-ல, கி.ரா.வுக்கு 1991-ல. பஞ்சாலைத் தொழிலாளியா இருந்த சோ.தர்மனுக்கும் 2019-ல அதே விருது கிடைச்சதைச் சேர்த்துக்கோங்க.

பெருமையா இருக்குல்ல? எனக்கும்தான். ஆனா இதை உங்க தங்கச்சிக்கு ஆறுதலாச் சொல்லாதீங்க. கி.ரா. படிக்காம ஜெயிச்சார்னு சொல்றவங்க, அவருக்கு விதைக்க நிலம் இருந்ததையும், சங்கீதமும் புத்தகமும் பேசுறதுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு அழகிரிசாமி இருந்ததையும் சொல்றதில்லை. முக்கியமா, ரெண்டு பேரும் ஆம்பிளைங்க. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் காத்திருந்து ஆரம்பிக்கிற வசதியை எந்தக் கரிசல் வீடு ஒரு பொண்ணுக்குக் கொடுத்திருக்கு? தவிர, இன்னிக்குக் கூட்டுறவு சங்கத்துல ஒரு உதவியாளர் வேலைன்னாலும் முதல்ல கேக்கிறது சர்டிஃபிகேட்டைத்தான்.

வேலையைப் பத்தி ரெண்டு வார்த்தை

வேலைக்குப் போறதைக் கேவலமாச் சொல்ல வரலை. காலேஜ்ல சேர்ந்தாலே முன்னேற்றம்னும் சொல்ல மாட்டேன். 'சீட் காலியா இருக்கு, காலேஜ் பஸ் ஊருக்குள்ள வருது'ங்கிற ரெண்டே காரணத்துக்காக இன்ஜினீயரிங் சேர்ந்து, அரியரோட முழிக்கிற நண்பர்கள் உங்க ஹாஸ்டல்லயே இருப்பாங்க. (நீங்களாவே இருந்தா, சாரி பாஸ்!) அதுக்கு ஐ.டி.ஐ. எவ்வளவோ மேல். அரசு ஐ.டி.ஐ.யில ஃபீஸைப் பத்திப் பயப்பட வேண்டியதில்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தாங்க. ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம், டிப்ளமோ முடிச்சா பி.இ.யில நேரடியா ரெண்டாம் வருஷம்னு படி மேல படி இருக்கு. ஆக, எந்த வேலைங்கிறதை விட, அந்த வேலையை விட்டு வர்றப்போ கையில என்ன மிஞ்சும்கிறதுதான் கேள்வி.

இதை நம்ம பக்கம் ரொம்ப விலை கொடுத்துக் கத்துக்கிட்டோம். 2000-க்கு அப்புறம் கிராமம் கிராமமா புரோக்கர்கள் வந்தாங்க, ஞாபகம் இருக்கா? "மூணு வருஷம் மில்லுல வேலை, ஹாஸ்டல், சாப்பாடு, முடிச்சு வர்றப்போ கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்." 'சுமங்கலித் திட்டம்'னு பேரு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு தென் மாவட்டத்துப் பொண்ணுங்க கூட்டம் கூட்டமாப் போனாங்க. முப்பதாயிரம், ஐம்பதாயிரம்னு பேசின தொகை, உடம்புக்கு முடியாம ரெண்டரை வருஷத்துல திரும்பி வந்தா கைக்கு வராமப் போன கதை ஏராளம். மில் கேட்டைத் தாண்டி வெளியே போக முடியாத கதை அதை விட ஏராளம். 2011-ல நெதர்லாந்து அமைப்புகள் இதைப் பத்தி அறிக்கை போட்டு, வெளிநாட்டுத் துணிக்கம்பெனிகள் வரைக்கும் பேச்சு போச்சு. இன்னிக்கு அந்தப் பேர்ல யாரும் வர மாட்டாங்க. வேற பேர்ல வரலாம். அதனால பேரைக் கேக்காதீங்க. சம்பளம் மாசாமாசம் அவ பேங்க் கணக்குல விழுமா? பி.எஃப். நம்பர் உண்டா? வேண்டாம்னா நாளைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வரலாமா? இந்த மூணுல எதுக்காவது புரோக்கர் இழுத்தார்னா, வாசல்லயே அனுப்பி வச்சிடுங்க.

கல்யாணத்துக்குப் பணம்னு கவர்மென்ட்டும்தான் ரொம்ப காலம் கொடுத்துட்டு இருந்தது. 1989-ல ஆரம்பிச்ச மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். பின்னாடி தாலிக்குத் தங்கமும் சேர்ந்துச்சு. அதை மாத்தித்தான் 2022 செப்டம்பர் 5-ல 'புதுமைப் பெண்' வந்தது. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை படிச்ச பொண்ணு மேல படிச்சா மாசம் ஆயிரம் ரூபாய், அவ கணக்குலயே. பசங்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்ல வந்தது. ஆயிரம் ரூபாய்ல என்ன ஆகும்கிறீங்களா? கிராமத்துல இருந்து கோவில்பட்டிக்கு வந்து போற பொண்ணோட பஸ் ஸ்டாண்ட் டீ, நோட்டு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் ஆகும். அய்யாகிட்டக் கை நீட்ட வேண்டாம். அது சின்ன விஷயம் இல்லை.

நீங்க செய்ய வேண்டியது

"காசு இல்லை"ங்கிறதுக்குப் பதில் பாதி நேரம் ஒரு பேப்பர்ல இருக்கும். அந்தப் பேப்பர் எந்த ஆபீஸ்ல, எந்த ஜன்னல்ல கிடைக்கும்னு அய்யாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அந்த ஜன்னல் முன்னாடி ஏற்கெனவே நின்னு வந்த ஒரே ஆள் வீட்டுல நீங்கதான்.

அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவத்துல 2020-லயும், இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல 2021-லயும் வந்தது. அதுல இன்ஜினீயரிங் சீட் கிடைச்சவங்களோட படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏத்துக்கிறதா அறிவிச்சாங்க. இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? உங்க வீட்டுக்குத் தெரியுமா? கல்விக் கடன்னா நிலப் பத்திரத்தை எடுத்துட்டு ஓடுற அய்யாகிட்டச் சொல்லுங்க: வங்கிகளோட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்துல நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை. நீங்க ஏதாவது கடன்ல படிக்கிறீங்கன்னா, மேனேஜர் எப்படி எல்லாம் அலைக்கழிப்பார்ங்கிறதும் உங்களுக்கே தெரியும். தங்கச்சி அந்த அலைச்சலைப் புதுசாப் பட வேண்டாம்.

விவசாயத்துல ஆர்வம் இருக்கிற தம்பியா? கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல ஆரம்பிச்சது. மானாவாரி நிலத்துல என்ன செய்யலாம்னு நூறு வருஷத்துக்கு மேல மண்டையை உடைச்சுக்கிற இடம் நம்ம ஊர்லயே இருக்கு. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்துல வேளாண் கல்லூரி இருக்கு. ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. சும்மா பார்க்கத்தான்.

எல்லாம் செஞ்சும் இந்த வருஷம் முடியவே முடியாதுன்னு ஒரு நிலைமை வரும். வரலாம். அப்போ அந்த ஒரு வருஷத்தை உழுது போடுங்க. இக்னோ இருக்கு, 2002-ல இருந்து தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கு. கட்டணம் கம்மி. அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டத்துக்கு நேரடிப் பட்டத்தோட சம மதிப்புன்னு யு.ஜி.சி.யே சொல்லியிருக்கு. பேர் ஒரு இடத்துல பதிவாகியிருந்தா அவ 'சும்மா இருக்கா' இல்லை, 'படிச்சுட்டு இருக்கா'. பொண்ணு பார்க்க வர்ற அத்தை வாயை அடைக்கவும் அது உதவும்! சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ். லோயர், ஹையர் முடிச்சு வச்சா குரூப் 4-ல தட்டச்சர் பதவிக்கு வழி திறக்கும். நீட் மாதிரி ஒரு தேர்வுக்காக ஒரு வருஷம் நிக்கிறதுன்னா, அதுக்காவது ஒரு தேதி இருக்கு. ஆனா எத்தனை தடவைங்கிறதை முன்னாடியே பேசிடணும். மூணாவது தடவை எழுதுறவங்களைப் பார்த்திருக்கேன், அப்போ அது தேர்வு மாதிரியே தெரியலை.

அப்புறம் ஒரு சங்கடமான கணக்கு. உங்க செலவுல மாசம் எவ்வளவு குறையும்? சினிமா, பிரியாணி, ரீசார்ஜ்... பிடுங்கணும்னு சொல்லலை. நானும் இந்தக் கணக்கை அன்னிக்குப் போட்டதில்லை. போட்டிருந்தா என் தங்கச்சியோட அரசுக் கல்லூரி ஃபீஸ், நான் சனிக்கிழமை சனிக்கிழமை திருநெல்வேலி தியேட்டருக்குப் போய் வந்த செலவை விட அதிகமா இருந்திருக்காதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறீங்கதானே? அய்யா, அம்மா இல்லாத நேரமாப் பார்த்து அவகிட்டக் கேளுங்க. "என்ன பண்ணப் போற?"ன்னு கேக்காதீங்க, "தெரியலை"ம்பா. "என்ன படிக்கணும்னு ஆசை?"ன்னு கேளுங்க. முதல்ல ஒண்ணும் சொல்ல மாட்டா. கொஞ்ச நேரம் கூடவே உட்காருங்க. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி இல்லைன்னா வருமானச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக்னு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அவ கையில கொடுங்க, பீரோவுல பூட்டாதீங்க. அப்புறம் சுவத்துல தொங்குற தினசரி காலண்டரை எடுங்க. அதுவும் சிவகாசியில அச்சடிச்சதாத்தான் இருக்கும். அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னிக்கோ, அந்தத் தாளைத் தேடி மூலையை மடிச்சு வச்சுட்டு வாங்க. தினமும் காலையில தாளைக் கிழிக்கிறது அய்யாதானே? பார்ப்பார்.